டன்னிகோட் ஊரின் சந்தைச் சிலுவை

பல நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் டன்னிகோட் என்று ஒரு சிற்றூர் இருந்தது. அங்கே சந்தைத் திடலின் நடுவில் ஒரு கற்சிலுவை. அதன் முன்னால் பேசி முடித்த வியாபாரம்தான் செல்லும்.

ஒரு நாள் அரசரின் ஆணை வந்தது: “சிலுவையின் நிழலில் மட்டுமே விற்கவும் வாங்கவும் வேண்டும். மீறினால் சந்தை பறிபோகும்.”

சந்தை போனால் ஊருக்குப் பிழைப்பே இல்லை. ஊர்த்தலைவர் ஆல்ரிக் ஆணையை மூன்று முறை படித்தார். படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் கெட்டிக்காரர் என்று பெயர்.

சந்தை நாள் காலை நிழல் ஒல்லியாக, நீளமாக விழுந்தது. ஊரின் பதினொரு வியாபாரிகளும் அதன்மேல் எறும்புபோல வரிசையாக நின்றார்கள். நிழல் நகர நகர, கூடைகளைத் தூக்கிக்கொண்டு அவர்களும் நகர்ந்தார்கள். உச்சிவேளையில் நிழல் சுருங்கியது. வெண்ணெய் விற்கும் மேபல், வாத்துக்காரர் ஹாப்பின் மடியில் உட்காரும்படி ஆயிற்று. ஹாப் ஆட்சேபிக்கவில்லை.

அப்போது மேகம் வந்து நிழலை அழித்துவிட்டது. ஹாப் ஒரு வாத்தைத் தச்சரிடம் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். கழுத்து இவர் கையில், கால் அவர் கையில்.

“இப்போது இது யார் வாத்து?” என்றார் தச்சர்.

ஆல்ரிக் யோசித்தார். “கத்துகிற பக்கம் ஹாப்புக்கு, நடக்கிற பக்கம் உமக்கு. மேகம் விலகும்வரை இருவரும் விட்டுவிடாதீர்கள்.”

சாயங்காலம் நிழல் நீண்டு திடலோரத்து ஓடைக்குள் இறங்கியது. ஊரும் பின்னாலேயே இறங்கியது. சந்தையைப் பார்வையிட வந்த அரசு அதிகாரி, முழங்கால் தண்ணீரில் நின்று வெண்ணெய் விலை பேசுகிறவர்களைக் கண்டார்.

“நிழல் இங்கேதான் இருக்கிறது ஐயா,” என்றார் ஆல்ரிக் பணிவாக.

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நிழல் என்றால் பாதுகாப்பு. சிலுவை உங்களைப் பார்த்துக்கொள்ளும் என்று அர்த்தம். கரையேறுங்கள்.” சந்தையைப் பறிக்காமல் போய்விட்டார்.

ஊருக்கு உயிர் வந்தது. “பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்போது நாம் ஏன் கால் கடுக்க நிற்க வேண்டும்?” என்றாள் மேபல். அடுத்த சந்தையன்று சரக்கையெல்லாம் சிலுவையடியில் வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தபோது ஒரு நாய் வெண்ணெய்க் கூடைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. வெண்ணெய் நாய்க்குள் இருந்தது.

அங்கேயே விசாரணை நடந்தது. “நாயைத் தடுக்காமல் விட்டாயா?” என்று ஆல்ரிக் சிலுவையிடம் கேட்டார். சிலுவை வாயைத் திறக்கவில்லை.

“மறுக்கவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள்,” என்றார் ஹாப்.

ஓராண்டு வெயிலிலும் மழையிலும் அதே இடத்தில் நிற்க வேண்டும், ஓரடிகூட நகரக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. சிலுவை முணுமுணுக்காமல் நின்றது. ஊரார் மனம் இளகிப்போனது.

ஓராண்டு முடிந்ததும் எல்லோரும் கூடினார்கள். “தண்டனை முடிந்தது, நீ போகலாம்,” என்றார் ஆல்ரிக். சிலுவை அசையவில்லை.

“இத்தனை பேர் முறைத்துப் பார்த்தால் எப்படிப் போகும்? அதற்குக் கூச்சமாக இருக்காதா?” என்றாள் மேபல்.

நியாயம்தான் என்று ஊர் முழுக்க முதுகைத் திருப்பிக்கொண்டு, பொழுது சாயும்வரை நின்றது.