ஊசியை உடைத்த கூடு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. சத்தியமாக உண்டு. ஆனால் இப்போது வராது. சிரிக்க வேண்டியவர் இன்னும் கடையில் நின்று டை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர் திருமலையப்பன். அம்பத்தூர்த் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் டூல்ரூம் சூப்பர்வைசர். ஓய்வு பெற்று, கனடாவில் மகள் வீட்டுக்கு வந்து, அறுபத்து மூன்று வயதில் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தவர். அவருடைய குரு மெர்சிக்கு வயது முப்பத்தொன்று. நாகர்கோவில்காரி. போட்டிக்கான தோட்டாக்களைத் தன் வீட்டு கராஜில் தானே தயாரிப்பவள்.

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை இவர்கள் எறிவதில்லை. அதன் அடியில், மருந்தைப் பற்றவைத்து வெடித்துப்போன ப்ரைமர் என்ற சின்ன மூடி ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளிருந்து ஊசியால் குத்தி அதைத் தள்ளிவிட்டு மறுபடி நிரப்புவார்கள். ஊசியைப் பிடித்திருக்கும் இரும்புதான் டை.

"எந்த டை வாங்கலாம் டீச்சர்?" என்று அவர் கேட்டிருந்தார்.

மெர்சி ஒரு டப்பாவைத் துழாவி, ஒரே ஒரு கூட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"இதுல இருக்கற ப்ரைமரைத் தள்ளிட்டு வாங்க சார். தள்ளிட்டா, மாசக் கடைசிப் போட்டிக்கு உங்க தோட்டாவை நீங்களே செய்யலாம். இல்லேன்னா கடைத் தோட்டாதான்."

கடைத் தோட்டா. அவருக்கு அது கல்யாண வீட்டில் பாக்கெட் சாம்பார் என்பது போலக் கேட்டது.

கடைக்காரர் நல்ல வரன் சொல்லும் தரகர் மாதிரி குரலைத் தாழ்த்தினார். "எல்லா அளவுக்கும் பொருந்தும். இதுவரைக்கும் ஒரு புகார் கிடையாது."

வாங்கி வந்து, வீட்டிலிருந்த கை பிரஸ்ஸில் டையை மாட்டி, அடியில் கூட்டை வைத்து, கைப்பிடியை அழுத்தினார். டிக். ஊசி உடைந்தது. உடைந்ததை மெர்சியிடம் எடுத்துப்போனார்.

"டீச்சர், ஊசி போயிடுச்சு. ஹார்டனிங் சரியில்லை."

"அப்படியா சார்."

"எங்க டூல்ரூம்ல இதை வாசல்லயே ரிஜக்ட் பண்ணியிருப்போம்."

"பண்ணியிருப்பீங்க."

மெர்சியின் முகம் அசையவில்லை.

இரண்டாவது டைக்குத் தடித்த ஊசி. அது உடையவில்லை, வளைந்தது. இணையத்தில் கேட்டார். 'என் டை இருபது வருஷமா ஓடுது, சின்னக் கீறல்கூட இல்லை' என்றார் ஒருவர். 'ஊசியைக் குறை சொல்லாதே, உன் கையைப் பார்' என்றார் இன்னொருவர். அவர் கையையும் பார்த்தார். பிறகு மூன்றாவது டையை வரவழைத்தார். அதன் ஊசி ஆணியையே துளைக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஆணியைத் துளைத்திருக்கலாம்.

போட்டிக்கு எட்டு நாள் இருக்கும்போது கராஜுக்கு வந்து, மூன்று டைகளையும் மேஜையில் பரப்பினார்.

"ஒண்ணும் தேறலை. நான் கடைத் தோட்டாவே போட்டுக்கறேன் டீச்சர்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மெர்சி டைகளை ஓரமாக ஒதுக்கினாள்.

"உங்க டூல்ரூம்ல ட்ரில் பிட் உடைஞ்சா என்ன சார் பண்ணுவீங்க?"

அவர் முகம் தெளிந்தது.

"அதையேன் கேக்கறீங்க. உடைஞ்ச பிட்டைத் தூக்கிட்டு வருவாங்க. 'சார், பிட்டு மட்டம், வேற குடுங்க'ம்பாங்க. குடுத்துடுவேனா? பிட்டு கிடக்கட்டும், மொதல்ல நீ ஓட்டை போட்ட ஜாப்பை, அந்த இரும்புத் துண்டை எடுத்துட்டு வா, அதைப் பாக்கணும்னு..."

பேச்சு அங்கேயே நின்றது.

மெதுவாகச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். மூன்று வாரமாகக் கூடவே சுமந்த கூட்டை எடுத்தார். மெர்சி டார்ச்சை நீட்டினாள்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். ஊசி இறங்குவதற்கு நடுவில் இருக்க வேண்டிய ஓட்டை இல்லை. அங்கே கெட்டிப் பித்தளை. ஓரமாக, ஊசிக்கு எட்டாத இடத்தில், கடுகளவு இரண்டு ஓட்டைகள். இது வேறு ஜாதிக் கூடு. எந்த டைக்கும் மசியாது.

முதலில் தோள்கள் குலுங்கின. பிறகுதான் சத்தம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மொத ஊசி உடைஞ்சப்பவே சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"நீங்க டையைப் பத்தித்தானே சார் பேசிட்டிருந்தீங்க."

"சரி, இப்பவாவது சொல்லுங்க. இந்த மூணுல எது நல்லது?"

மெர்சி கூடுகள் நிறைந்த டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள். டார்ச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"போட்டிக்கு அம்பது கூடு வேணும் சார். ஒவ்வொண்ணையும் உள்ள பாத்துட்டுக் கேளுங்க."