மங்காத மீசை

அம்பாசமுத்திரத்தில் சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் மூன்று பேர் கார்ட்டூன் ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் ஒன்று, நாற்காலி மூன்று. மூளை எத்தனை என்று யாரும் கேட்டதில்லை. பரமகுரு முதலாளி. சுடலையும் சவரிமுத்தும் கூட்டாளிகள். அதாவது, அவன் பள்ளத்தில் விழும்போது கையைப் பிடித்துக்கொண்டு கூடவே விழுகிறவர்கள்.

பரமகுருவின் தாய்மாமன் சிவஞானம் அப்பளக் கம்பெனி நடத்துகிறவர். தன்னையே கார்ட்டூனாகப் போட்டு ஒரு விளம்பரம் கேட்டிருந்தார். படம் தனக்குப் பிடித்துப்போனால் மகள் கோமதியைத் தருவதாகவும் சொல்லியிருந்தார். கோமதி என்றால் பரமகுருவுக்கு உயிர். மாமாவுக்குத் தன் மீசைதான் உயிர். ஆக, கல்யாணம் அந்த மீசையில் தொங்கியது.

படத்தில் மாமாவின் முகம் பளிச்சென்று இருந்தது. மீசை மட்டும் தண்ணீர் பட்ட மை மாதிரி மங்கியிருந்தது. பரமகுரு சுடலையிடம் ஒரு துணியைக் கொடுத்தான்.

"திரையைத் துடைல" என்றான்.

சுடலை மீசை இருந்த இடத்தை மட்டும் துடைத்தான். முகம் சுத்தமாகத்தானே இருக்கிறது என்பது அவன் கட்சி. படத்தில் மாமா நடக்க நடக்க, துணியும் மீசைக்குப் பின்னாலேயே ஓடியது. மங்கல் போகவில்லை.

சென்னையில் இதே தொழிலில் இருக்கும் மகராசனுக்குப் போன் போட்டார்கள். "சின்னதா வரைஞ்சிட்டு இழுத்துப் பெருசாக்கியிருப்பீங்க. மங்காம என்ன செய்யும்? மொதல்லயே பெருசா வரைங்கப்பா" என்று சொல்லி வைத்துவிட்டான். பாவம், யாரிடம் பேசுகிறோம் என்பதை மறந்துவிட்டான்.

பெரிதாக வரைந்தார்கள். மீசை தெளிவாக வந்தது. ஆனால் இரண்டு காதையும் தாண்டித் தொங்கியது.

"கொஞ்சம் சின்னதாக்கி ஒட்டிருவமா?" என்றான் சவரிமுத்து. அந்த அறையில் அன்று உதித்த ஒரே நல்ல யோசனை அது.

"அவன் சின்னதாக்கச் சொன்னானால?" என்று கேட்டான் சுடலை.

"சொல்லல."

"பெறகு?"

சவரிமுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

மீசைக்குத் தக்கபடி முகத்தை இழுத்தார்கள். முகம் மங்கியது. முகத்தைப் புதிதாக, இன்னும் பெரிதாக வரைந்தார்கள். இப்போது மீசை சிறுத்துவிட்டது. அதை இழுத்தார்கள்; அது மங்கியது. மறுபடி மீசையை வரைந்தார்கள். இப்படி முகமும் மீசையும் போட்டி போட்டு வளர்ந்து, படத்தைப் பார்க்க மாமா படியேறி வரும்போது திரையில் மீசைக்கே இடம் போதவில்லை. விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஒரே கருப்பு.

"முகம் எங்கல?" என்றான் பரமகுரு.

"மீசைக்குப் பின்னால பத்திரமா இருக்கு" என்றான் சுடலை.

"மங்கல்?"

"ஒரு பொட்டு கிடையாது."

பரமகுருவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாமாவை உட்கார வைத்துப் படத்தை ஓட விட்டான். மாமா கருப்புத் திரையை வெகுநேரம் பார்த்தார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"கரண்டு போயிட்டோ?" என்றார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

"ஆமா மாமா, போயிட்டு" என்றான் பரமகுரு.

மாமா துண்டால் விசிறிக்கொண்டே காத்திருந்தார். கடைசியில் எழுந்தார். "கரண்டு நிக்காத எடத்துல பொண்ணக் குடுத்துட்டு, அவ புழுங்கிச் சாகவா? வேற எடம் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பரமகுரு தலையில் கைவைத்து அழுதான். சவரிமுத்து அவன் முதுகைத் தடவினான். "மீசையில ஒரு கொறை சொன்னாரால? சொல்லல. அப்ப தப்பு நம்ம மேல இல்ல. கரண்டு ஆபீஸ் மேலதான்."

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நேரே மின்வாரிய ஆபீசுக்குப் போனார்கள்.

"உங்க தெருவுல கரண்டு இருக்கே" என்றார் அதிகாரி.

பரமகுரு கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவர் மேசைக்குப் பக்கத்திலேயே வயரைச் சொருகிப் படத்தை ஓட விட்டான். திரை முழுக்கக் கருப்பு.

"பாருங்க சார், இங்கயும் இல்ல."

அதிகாரி குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், பிறகு உதவியாளரைக் கூப்பிட்டார்.

"கரண்டு வார வரைக்கும் எதுக்குய்யா லைட்டு எரியுது? அணைச்சுப் போடும்."