செங்கி தொலைத்த இலைகள்

மலைக்காட்டில் ஒரு பட்ட நாவல் மரம். அதன் பொந்தில் இரண்டு தொங்குகிளிகள் குடிவந்திருந்தன. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். உடம்பெல்லாம் பச்சை, வாலடியில் மட்டும் சிவப்பு. தூங்கும்போதுகூடத் தலைகீழாகத் தொங்கித் தூங்கும் இனம். பெண்ணின் பெயர் செங்கி, ஆணின் பெயர் மருதன்.

செங்கி முட்டையிட இன்னும் நாலே நாள். அதற்குள் பொந்தில் மெத்தை போட்டாக வேண்டும். இந்த இனத்துப் பெண்கள் இலையை அலகில் தூக்கி வருவதில்லை. நாடா நாடாவாகக் கிழித்து, வாலடிச் சிறகுகளுக்குள் செருகிக்கொண்டு பறப்பார்கள். வழியில் எங்கும் நிற்காமல், உடம்பைச் சிலுப்பாமல், நேரே வீடு வந்து சேர வேண்டும்.

நம் செங்கிக்கு அதுதான் ஆகாத காரியம். ஓரிடத்தில் கால் தரிக்காது அவளுக்கு. இலையைச் செருகிக்கொண்டு கிளம்புவாள். பாதி வழியில் கல்யாண முருங்கை பூத்திருப்பது கண்ணில் படும். "ஒரு வாய் தேன் குடிச்சிட்டுப் போனா என்ன குறைஞ்சிடும்?" என்று பூவில் தொங்குவாள். குடித்து முடிப்பதற்குள் எங்கோ மைனாக்கள் சண்டை போடும் சத்தம் கேட்கும். என்ன ஏது என்று பார்க்க ஓடுவாள். அங்கே போய் உட்கார்ந்ததும் பொந்து என்ன ஆயிற்றோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். விழுந்தடித்து வீட்டுக்குப் பறப்பாள். இருட்டுப் பொந்துக்குள் நுழைந்து, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, என்ன விழுந்தது என்றுகூடப் பார்க்காமல் அடுத்த நடைக்குக் கிளம்பிவிடுவாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம்தான் பொந்துக்குள் நிதானமாகத் தடவிப் பார்த்தாள். நாலைந்து நாடாக்கள் கிடந்தன. அவ்வளவுதான்.

"அடப்பாவமே, மூணு நாளா அலைஞ்சேனே. யாரோ வாரிக்கிட்டுப் போயிட்டாங்க!"

எதிர்க்கிளையில் காத்தாயி என்ற மலையணில் கூடு கட்டியிருந்தாள். அந்தக் கூடு முழுக்க இலை. செங்கிக்கு அது போதாதா?

"காத்தாயக்கா, என் இலையை எடுத்து உன் வீட்டுல செருகிக்கிட்டியே, நல்லாயிருக்கா?"

"என் கூட்டுல இருக்கற ஒவ்வொரு இலையும் உன்னைவிடப் பெருசுடி. உன் நாடாவை வெச்சு நான் என்ன பண்ண?"

"பின்னே எங்கே போச்சு?"

"கொண்டுவந்தவளைத்தான் கேக்கணும்."

"எடுத்துட்டு எகத்தாளம் வேறயா? இந்த மரத்துல உன்னை விட்டா வேற யாரு திருடுவா?"

காத்தாயியின் முகம் சுருங்கிவிட்டது. "பாம்பு வரும்போதெல்லாம் தொண்டை கிழியக் கத்தி உன்னை உஷார் பண்ணினவ நான். எனக்கா இந்தப் பேரு? ஓடைக்கு அந்தப் பக்கம் எனக்கு இன்னொரு கூடு இருக்கு. நீயே இங்க நிம்மதியா இரு." ஒரே தாவு. போயேவிட்டாள்.

"அவ எடுத்திருக்க மாட்டா, செங்கி" என்றான் தொங்கிக்கொண்டிருந்த மருதன்.

"நீங்க தொங்கிக்கிட்டே நியாயம் பேசுங்க!"

மறுநாள் வெறும் கட்டையின் மேல் முதல் முட்டை விழுந்தது. ஒருநாள் விட்டு இன்னொன்று. செங்கிக்கு இருப்பே கொள்ளவில்லை. முட்டைகளை விட்டுவிட்டு மறுபடியும் இலைக்குப் பறந்தாள். மருதன் இந்தத் தடவை பின்னாலேயே போனான்.

கல்யாண முருங்கையில் அவள் தேன் குடிக்கத் தலைகீழானாள். சிறகிலிருந்து ஒரு நாடா நழுவியது. அடுத்த பூவுக்குத் தாவினாள். இன்னொன்று நழுவியது.

"செங்கி, கீழே பாரு."

பார்த்தாள். மரத்தடி முழுக்க நாடாக்கள், காய்ந்து சுருண்டவையும் புதியவையுமாக. எல்லாவற்றின் ஓரத்திலும் அவளுடைய அலகு கடித்த தடம். செங்கிக்கு உடம்பு கூசிப்போயிற்று.

"அக்காவை என்ன பேச்சு பேசிட்டேன்" என்று அழுதபடி வீட்டுக்குத் திரும்பினாள்.

பொந்திலிருந்து ஒரு பாம்பு சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் இரண்டு புடைப்புகள். அது மரமேறியபோது, பாம்பு பாம்பு என்று கத்த அந்த மரத்தில் யாருமில்லை.

அழுது ஓய்ந்த பிறகு செங்கி ஓடையைத் தாண்டிப் போனாள்.

"இலையெல்லாம் கிடைச்சிடுச்சுக்கா. நான்தான் வழியில விட்டிருக்கேன்."

"முட்டை?" என்றாள் காத்தாயி.

செங்கி தலையைக் குனிந்துகொண்டாள். காத்தாயிக்குப் புரிந்துவிட்டது.

"இந்த மரத்துல ஒரு பொந்து இருக்கு" என்றாள். "இங்கேயே வந்துடு. பாம்பை நான் பாத்துக்கறேன். நீ வரும்போது நேரா வா."

மறுநாள் செங்கி ஒரே ஒரு நாடாவைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். வழியில் கல்யாண முருங்கை சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தது. மைனாக்கள் கத்தின. நெஞ்சு துடித்தது, சிறகு பரபரத்தது. ஆனாலும் அவள் திரும்பவில்லை. அந்த ஒரு நாடா வீடு வந்து சேர்ந்தது.

நிலைகொள்ளாமல் அலைகிறவர்கள் கையில் உள்ளதை வழியெல்லாம் சிந்திவிட்டு, பழியை அடுத்தவர் மேல் போட்டு, தமக்குக் காவலாக இருந்தவர்களையும் இழந்துவிடுவார்கள்.