‘திரும்பி வரவில்லை’ என்ற வரி

“ரபி, இந்த ஒரு ஓய்வுநாள் மட்டும் போனை அணைக்காம வச்சுக்கலாமா?”

கேட்டவர் எல்கானா. ஒரு துறைமுக நகரத்தில் முப்பது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவர். அங்குள்ள யூதர்களின் மதகுருவான ரபி தோபியா அவரைவிட இருபது வயது இளையவர். வெள்ளிக்கிழமை மதியம். பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள். அங்கே யூதர் வீடுகளில் போன்களெல்லாம் வாயை மூடிக்கொள்ளும்.

“எதுக்கு?”

“திர்சா கூப்பிட்டு ஒன்பது நாள் ஆச்சு.”

திர்சா அவருடைய ஒரே மகள். கடல் கடந்து வேலைக்குப் போனவள். முதல்முறை போனபோது ஒரே வாரத்தில் அழுதுகொண்டு திரும்பிவிட்டாள். இரண்டாம் முறை போய், விடுமுறைக்கு வந்தபோது அந்த ஊர் ஜாம் ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். இது மூன்றாம் முறை.

“தகவலே இல்லையா?”

“‘நல்லா இருக்கேன்ப்பா, வேலை அதிகம், அப்புறம் பேசறேன்’னு நேத்து எழுதியிருந்தா. எழுத்துதானே ரபி? குரல் இல்லையே!”

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது பாட்டுக்குக் கிடந்தது.

“ஞாயித்துக்கிழமை பிளேன் ஏறப் போறேன். கையோட கூட்டிட்டு வந்துடுவேன்.”

ரபி பேச்சை மாற்றினார்.

“நாளைக்கு ஜெபக்கூடத்துல வாசிக்கிறது நீங்கதானே? பாடிக் காட்டுங்க.”

யூதர்களின் வேதமான தோராவைச் சும்மா வாசித்துவிட்டு இறங்க முடியாது. வாராவாரம் ஒரு பகுதியை ராகம் போட்டுப் பாடவேண்டும். வேதம் எழுதிய தோல்சுருளில் ராகக் குறி கிடையாது, மனப்பாடம்தான். இந்த வாரம் நோவாவின் வெள்ளம்.

எல்கானா தங்குதடையில்லாமல் பாடினார். வெள்ளம் வடிந்ததா என்று பார்க்க நோவா அனுப்பிய புறா, கால் வைக்க இடமில்லாமல் அவருடைய கப்பலான பேழைக்குத் திரும்பியது. மறுபடி போய் ஒரு இலையோடு வந்தது. மூன்றாம் முறை போனது. ‘அது அவரிடம் திரும்பி வரவில்லை.’

ரபி கையைத் தூக்கினார்.

“மறுபடி.”

பாடினார்.

“மறுபடி.”

“எந்தச் சொல் தப்பு?” எல்கானாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

“சொல் எல்லாம் சரி. ராகம்தான் வேற. எருசலேம் ஆலயம் இடிஞ்ச நாளுக்குத் தரையில உக்காந்து அழுது பாடுவோமே, அந்த ராகத்துல பாடறீங்க.”

எல்கானா விழித்தார். பதிமூன்று வயதிலிருந்து பாடுகிற மனுஷர். சின்னப் பிள்ளைகூட இந்தத் தப்பைச் செய்யாது.

“திரும்பி வரலையே, ரபி. வேற எப்படிப் பாடறது?”

“நோவா அழுதாரா?”

“இல்ல.”

“பின்ன என்ன செஞ்சார்?”

எல்கானா அடுத்த வரியை மனசுக்குள் தேடினார்.

“பேழையோட மூடியைத் திறந்தார். பார்த்தார். தரை காஞ்சிருந்தது. புறாவுக்குக் கால் வைக்க இடம் கிடைச்சிருக்கு…”

எல்கானா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. போனை எடுத்தார். கடைசியாக ஒருமுறை பார்த்தார். அணைத்தார்.

பிறகு அந்த வரியை மறுபடி பாடினார். ராகம் பிசகவில்லை.

ரபி கையைத் தூக்கவில்லை.