மஞ்சள் செம்பருத்தியும் மன்னனின் மோவாய்க் குழியும்

முன்னொரு காலத்தில் குறுங்கேணி நாட்டை விசயவேலன் என்று ஒரு ராசா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் பொறுமை மருந்துக்கும் கிடையாது. தாத்தா படத்துக்குத் தினமும் மாலை போடுவான். தகப்பன் படத்தைத் திரும்பியும் பார்க்கமாட்டான். அவரிடம் என்ன இருந்தது என்பான்.

தாத்தா வைத்த மஞ்சள் செம்பருத்தி ஒன்று அரண்மனைத் தோட்டத்தில் நின்றது. பூ தங்கமாட்டம் இருக்கும், செடியோ நோஞ்சான். ஒரு தூறலுக்கே கிளை ஒடியும். அந்த மஞ்சள் அழியாமல் காப்பாற்றச் சொல்லி அமைச்சர் சொக்கப்பரிடம் பொறுப்பைக் கொடுத்தான் ராசா.

சொக்கப்பர் ஊரெல்லாம் ஜோடி தேடினார். பூவைப் பார்க்கவில்லை, தண்டைப் பார்த்தார். ஆடு கடித்தும் காற்று அடித்தும் அசராமல் வேலியில் நின்ற சிவப்புச் செம்பருத்தி ஒன்று கிடைத்தது. அதன் மகரந்தத்தை இறகால் தொட்டு மஞ்சள் பூவில் தடவி, வண்டு நுழையாமல் துணி கட்டினார். காய் பிடித்தது, விதை முளைத்தது. பூத்ததோ, அத்தனையும் சிவப்பு!

கீர்த்திராயர் என்ற பிரபுவுக்கு அமைச்சர் பதவி மேல் வெகுநாளாக ஒரு கண். வேலிச் செடியைச் சேர்த்து ராசவம்சத்துப் பூவையே கெடுத்துவிட்டார் என்று சபையில் பற்ற வைத்தார். செடிகளைப் பிடுங்கவும், அமைச்சரின் முத்திரை மோதிரத்தைக் கழற்றவும் உத்தரவானது. சொக்கப்பருக்கு ஒரே கவலைதான். மோதிரம் போனால் போகட்டும், செடி போனால் மஞ்சளும் போச்சே!

மோதிரத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "ராயரே, பிள்ளைச் செடியிடம் தெரியாத மஞ்சள் அதன் ரத்தத்திலும் கிடையாதா?"

"கண்ணுக்குத் தெரியாதது உள்ளே எப்படி ஐயா இருக்கும்?"

"சரி. அதோ படங்களைப் பாருங்கள். பெரிய மகாராசா மோவாயில் குழி இருக்கிறது. அவர் மகனுக்கு இல்லை. நம் ராசாவுக்கு இருக்கிறது. தகப்பனிடம் இல்லாதது இவருக்கு எங்கிருந்து வந்தது? நீங்களே சபைக்குச் சொல்லுங்கள்."

ராயர் வசமாக மாட்டிக்கொண்டார். தெரியாதது இல்லை என்று சாதித்தால் ராசாவின் பிறப்பையே சந்தேகித்ததாகும். உண்டு என்றால் செடி பிழைத்துவிடும். பாவம், மனுஷன் மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்தார்.

ராசாவின் கை தானாக மோவாய்க்குப் போனது. "இந்தக் குழியைப் பார்த்துத்தான் தாத்தா பேரையே எனக்கு வைத்தார்கள்."

"ஆமாம் மகாராசா. உங்கள் தகப்பனார் அதை வெளியே காட்டாமல் சுமந்து வந்து உங்களிடம் சேர்த்தார். இந்தச் சிவப்பும் அப்படித்தான். இவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பேரப்பிள்ளைகளைப் பார்ப்போம்."

ராசா தவணை கொடுத்தான். பேரச் செடிகளும் பெரும்பாலும் சிவப்பாகவே பூத்தன. ஆனால் ஓரத்தில் ஒன்று, அசல் மஞ்சள்! ஐப்பசி மழை அடித்து ஓய்ந்த காலையில் ராசா ஓடிப் போய்ப் பார்த்தான். அது ஒடியாமல் நிமிர்ந்து நின்றது.

மோதிரத்தை ராசாவே அமைச்சர் விரலில் மாட்டினான். அந்தச் சிவப்புச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை ராயருக்கு வந்தது. பிறகு ராசா தன் கையால் ஒரு மாலை கட்டி, தகப்பன் படத்துக்கு முதல் தடவையாகப் போட்டான். மாலை முழுக்கச் சிவப்புப் பூ.