வளைவில் குரல் கொடுக்காத அழுங்கு

ஒரு மலைச்சரிவில் சுருளாண்டி என்ற அழுங்கு தனியாக வசித்துவந்தது. அதற்கு உடம்பெல்லாம் செதில். பயந்தால் தலையை வயிற்றுக்குள் செருகி, வாலால் மூடிப் பந்தாகிவிடும். கறையான்தான் அதற்குச் சோறு.

சரிவுக்குக் கீழே ஒரு குளம் இருந்தது. அதற்கு ஒரே ஒரு பாதை. நடுவில் ஒரு வளைவு. அங்கே பெரிய பாறை மறைப்பதால், மேலேயிருந்து யார் வந்தாலும் கீழே தெரியாது. ஆகவே அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. வளைவில் நின்று மூன்று முறை குரல் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். யானை பிளிறும். முயல்கூட, "வர்றேன், வர்றேன், வர்றேன்!" என்று சொல்லிவிட்டுத்தான் காலை எடுத்துவைக்கும்.

சுருளாண்டி மட்டும் சொல்லாது. பந்தாகிக்கொண்டு விர்ரென்று உருண்டு வரும்.

"ஐயோ! சுருளாண்டி வர்றான்! ஓடு, ஓடு!"

மான்கள் சிதறும். முயல்கள் புதருக்குள் பாயும். கீழே போய்ப் பந்து பிரியும்போது பாதையில் ஒரு ஈ, காக்காய் இருக்காது. சுருளாண்டி தண்ணீரைக் குடித்துவிட்டுத் தனியாக மேலேறும்.

ஒருநாள் காலை ஆமையக்கா அந்த வளைவில் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. மான் தாவும், முயல் பாயும். ஆமை என்ன செய்யும்? சுருளாண்டி உருண்டு வந்து மோதிய வேகத்தில் அது மல்லாந்து விழுந்தது.

சுருளாண்டி நிற்கவில்லை. விழுந்தடித்து ஓடித் தன் வளைக்குள் ஒளிந்துகொண்டது.

ஆமை உச்சிவெயில்வரை நான்கு கால்களையும் உதறிக்கொண்டு கிடந்தது. அந்த வழியாக வந்த ஒரு காட்டுப்பன்றி மூக்கால் நெம்பிப் புரட்டிப்போட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஆமை வெயிலில் காய்ந்தே செத்திருக்கும்.

மறுநாள் கீரி சம்மனோடு வந்தது. அந்தக் காட்டுக்குக் கீரிதான் அரசு வக்கீல்.

"கண்மண் தெரியாம உருண்டு வந்த குற்றம்! நாளைக்குக் காலையில வேங்கைமரத்தடிக்கு வந்து சேரு. குற்றம் நிரூபணமானா, மழை வர்ற வரைக்கும் நீ ஓடைக்கு அந்தப் பக்கம்தான்!"

வறண்ட ஓடைக்கு அந்தப் பக்கம் பாறையும் முள்ளும் நான்கைந்து புற்றும்தான் உண்டு. ஒருவரும் குடியில்லை. அங்கே நாள் முழுக்க உருளலாம். ஏனென்று கேட்க ஆளில்லை.

"நீ குரல் கொடுத்ததைக் கேட்டவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வா. ஒரு சாட்சி போதும்" என்றது கீரி.

"எனக்கு இங்க யாரையும் தெரியாதுங்களே."

"எல்லாருக்கும் உன்னைத் தெரியுதே!" என்று சொல்லிவிட்டுக் கீரி போய்விட்டது.

சற்று நேரம்தான் ஆகியிருக்கும். "ஏய் சுருளாண்டி! இப்பவே கிளம்புடா!" என்று மறுபடியும் கீரியின் குரல் கேட்டது. சுருளாண்டி பந்தாகிவிட்டது.

மேலே கிளையில் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. சுருளாண்டி ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தது. கரிச்சான் குருவி! உடம்பெல்லாம் கறுப்பு. வாலில் இரண்டு நீண்ட இறகுகள் தொங்கின. பக்கத்து மலையிலிருந்து அந்தக் கோடையில்தான் வந்திருந்தது. யார் குரலைக் கேட்டாலும் அப்படியே பேசிக்காட்டும். அந்த வித்தை காட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

"பயந்துட்டியா? கவலைய விடு. உன் கேஸை நான் நடத்துறேன். பாரு, பிறக்கும்போதே வக்கீல் அங்கியோட பிறந்தவன் நான்!"

"உனக்கு என்ன தரணும்?"

"நீ புற்றைத் தோண்டும்போது பறக்கிற ஈசலெல்லாம் எனக்கு."

"சாட்சிக்கு எங்க போறது? எனக்காக யார் வருவாங்க?"

"வருவாங்க, வருவாங்க! நீ உருண்டையாக் கிட. என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதே. அது போதும்."

காலையில் வேங்கைமரத்தடியில் நீதிமன்றம் கூடியது. காட்டெருதுதான் நீதிபதி. எதையும் நன்றாக அசைபோட்ட பிறகுதான் தீர்ப்புச் சொல்லும். கீரி வந்திருந்தது. ஓட்டில் கீறலோடு ஆமையக்கா வந்திருந்தது. வேறு யாரும் வரவில்லை. சுருளாண்டி இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பந்தாகிக்கொண்டது.

அந்த நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சாட்சிகள் புதருக்குப் பின்னால் நின்றுதான் பேச வேண்டும். முன்பு ஒரு சிறுத்தைமேல் வழக்கு நடந்தது. சாட்சிகள் அதன் பல்லைப் பார்த்ததும் தங்கள் பெயரையே மறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த ஏற்பாடு.

கரிச்சான் வாலை உதறிக்கொண்டு எழுந்தது.

"கனம் நீதிபதி அவர்களே! என் கட்சிக்காரர் உருளும்போது அவர் வாய் எங்கே இருக்கிறது? வயிற்றுக்குள்! வயிற்றுக்குள் இருக்கும் வாயால் எப்படிக் குரல் கொடுப்பது?"

"உருள்றதுக்கு முன்னாடி கொடுக்கட்டுமே!" என்றது கீரி.

காட்டெருது அசைபோட்டது. "நியாயம்தான்."

"யார் சொன்னது நியாயம், ஐயா?"

"கீரி சொன்னது."

கரிச்சான் சளைக்கவில்லை. "முன்னாடியே கொடுத்தார், ஐயா! அதைத்தான் சொல்லவந்தேன். இதோ, சாட்சிகளைக் கூட்டிவருகிறேன்" என்று புதருக்குப் பின்னால் பறந்தது.

புதருக்குள்ளிருந்து முயலின் குரல் படபடவென்று வந்தது. "நான்... நான் முயலுங்க. நானே கேட்டேனுங்க! மூணு தடவை குரல் கொடுத்தாருங்க! இவ்வளவு பெரிய காது, தப்பாக் கேக்குமாங்க?"

காட்டெருது தலையாட்டியது. கீரி பல்லைக் கடித்தது.

ஒரு சாட்சியோடு நிறுத்தியிருக்கலாம். கரிச்சானுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்து மானின் மெல்லிய குரல் வந்தது.

"சுருளாண்டியா? தங்கமான பிள்ளைங்க. குளத்துக்கு வந்தா, 'என்ன மானக்கா, குட்டி நல்லா மேயுதா?'ன்னு கேக்காமப் போகாது. ஒருநாள் அதைக் காணலைன்னா, எங்களுக்கு அந்தப் பாதையே வெறிச்சுன்னு இருக்குங்க."

பந்துக்குள் இருட்டாக இருந்தது. அந்த இருட்டில் சுருளாண்டி இதைக் கேட்டது. கரிச்சானின் வேலை அதற்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் குரல் தன் பெயரைக் கத்தாமல், மெதுவாகச் சொன்னது. அப்படி ஒருவர் சொல்லி அது கேட்டதே இல்லை. ஒருவேளை மான் நிஜமாகவே வந்திருந்தால்? கரிச்சான் போய்க் கூப்பிட்டு, மானும் சரி என்று வந்திருந்தால்?

"சாட்சியம் தெளிவாக இருக்கிறது" என்றது காட்டெருது. "இந்த வழக்கை நான்..."

பந்து பிரிந்தது.

"மானக்கா! நிஜமாவா? என்னைக் காணலைன்னா தேடுவீங்களா?"

புதருக்குள் இருந்த குரல் தடுமாறியது. "ஆ... ஆமா. தேடுவேன். நீ பேசாம சுருண்டுக்கோ, கண்ணு."

சுருளாண்டி சுருளவில்லை. குடுகுடுவென்று புதரைச் சுற்றி ஓடியது.

அங்கே மான் இல்லை. முயலும் இல்லை. ஒரு குச்சியின்மேல் கரிச்சான், திறந்த அலகோடு உட்கார்ந்திருந்தது.

"வாயைத் திறக்காதேன்னு சொன்னேனா இல்லையா?" என்று அது கிசுகிசுத்தது. "ஜெயிச்சுட்டோமேடா!"

பின்னாலேயே வந்த கீரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. "பொய்ச்சாட்சி! ஐயா, எல்லாம் இந்தக் குருவி பேசின பொய்ச்சாட்சி!"

காட்டெருதின் வாய் அசைபோடுவதை நிறுத்தியது. "கரிச்சானே, இனி இந்த மரத்தடியில் நீ வாதாடக்கூடாது. சுருளாண்டி, நீ சொல். வளைவில் குரல் கொடுத்தாயா?"

"இல்லைங்க."

"ஏன்?"

சுருளாண்டி மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னது. "முதல் தடவை கால் வழுக்கித்தான் உருண்டேன், ஐயா. கீழ இருந்தவங்க எல்லாரும், 'சுருளாண்டி வர்றான்'னு கத்தினாங்க. அன்னிக்குத்தான் என் பேரு அவங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சுது. நடந்து போனா யாரும் கூப்பிட மாட்டாங்க. உருண்டா எல்லாரும் கூப்பிடுவாங்க. மறுநாளும் மேல ஏறினேன்."

கீரிகூட வாலை மடக்கிக்கொண்டது.

காட்டெருது வெகுநேரம் அசைபோட்டது. "மழை வரும்வரை நீ ஓடைக்கு அந்தப் பக்கம். ஆனால் சட்டத்தில் ஒரு வழி உண்டு. 'இனி இது ஒழுங்காக நடக்கும், நான் பொறுப்பு' என்று ஒருவர் ஜாமீன் நின்றால், நீ இங்கேயே இருக்கலாம். யாராவது இருக்கிறார்களா?"

வழக்காடியவர்களை விட்டால், அங்கே மிச்சம் இருந்தது ஆமையக்கா மட்டும்தான். எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்குறீங்க?" என்றது ஆமை. அப்புறம் கழுத்தை நீட்டிச் சுருளாண்டியிடம் சொன்னது: "மோதினதுகூடப் பெரிசில்லப்பா. உச்சிவெயில் வரைக்கும் வானத்தைப் பாத்துக்கிட்டே கிடந்தேன். யாராவது வருவாங்களான்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கிடந்தேன். அந்த நேரத்துல நீ வந்து, 'வலிக்குதா அக்கா?'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இன்னிக்கு உனக்காக நான் நின்னிருப்பேன்."

சுருளாண்டி ஆமையின் அருகில் போய் நின்றது. "வலிச்சுதா அக்கா?"

"வலிச்சுது" என்றது ஆமை.

பிறகு, "ஜாமீன் நிக்க எனக்கு இன்னும் மனசு வரல. மழை பெய்ஞ்சதும் வா. வரும்போது நடந்து வா" என்றது.

அன்றைக்கே சுருளாண்டி ஓடையைக் கடந்தது. அந்தப் பக்கம் நல்ல சரிவு இருந்தது. தடுக்க ஒருவரும் இல்லை. ஒருமுறைகூட அது உருளவில்லை.

மூன்றாம் நாள் கரிச்சான் வந்து சேர்ந்தது. "என்னடா, பொழுது போகலையா? யார் குரல் வேணும், சொல்லு. முயலா? மானா? 'ஓடு, ஓடு'ன்னு கூட்டமாவே கத்தட்டுமா?"

"வேண்டாம். உன் குரல்ல ஏதாவது சொல்லு."

"என் குரலா?"

கரிச்சான் அலகைத் திறந்தது. தொண்டை அசைந்தது. மூடிக்கொண்டது. மறுபடியும் திறந்தது. கடைசியில் 'கீச்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது.

"இதுதான்னு நினைக்கிறேன்" என்றது கரிச்சான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றது சுருளாண்டி.

சுருளாண்டி புற்றைத் தோண்டியது. ஈசல்கள் பறந்தன. கரிச்சான் அவற்றைப் பிடிக்காமல் கிளையிலேயே உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஓடையின் மறுகரையைப் பார்த்தன. அங்கே முயல்கள் வளைவில் நின்று குரல் கொடுத்திருக்க வேண்டும். இவ்வளவு தூரத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அக்கம்பக்கத்தாரை அலறவைத்துத் தன் பெயரைச் சொல்லவைப்பவனுக்கு ஆபத்தில் ஒரு குரலும் துணைக்கு வராது. நின்று ஒரு வார்த்தை விசாரிப்பவனுக்குத்தான் வரும்.