கொக்கி தாங்குமா?

"மாஸ்டர், வீட்டுக்கு ஒரு பஞ்சிங் பேக் வாங்கணும். நாப்பது கிலோவா, அம்பது கிலோவா?"

கேட்டவள் குணசுந்தரி. வயது நாற்பத்தேழு. காசிமேட்டில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் பயமுறுத்தியதில், குத்துச்சண்டைக் கூடத்தில் பெண்களுக்கான காலை வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது.

மாஸ்டரின் பெயர் ரோசலின். வயது இருபத்தொன்பது. குணசுந்தரியை அவள் அக்கா என்பாள். குணசுந்தரி அவளை மாஸ்டர் என்பாள். இருவருக்கும் அதில் கூச்சமில்லை.

ரோசலின் ஒரு குத்து விட்டால் தொங்கும் பை இரண்டாக மடங்கி நிமிரும். கூடத்துக்கு வெளியே அந்தக் கை ஒரு கொசுவை அடித்துக்கூட யாரும் பார்த்ததில்லை.

இப்போது அந்தக் கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல எதுக்குக்கா?"

"கோவம் அங்கதானே வருது."

சுற்றிய கை நின்றது.

குணசுந்தரி சொல்லிவிட்டாள். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் பதினாறு வயது மகள் மோனிஷா பரீட்சை மார்க்கை மறைத்தாள். இவள் அறைந்தாள். மூன்று மாதம் பழகிய கை. பிள்ளையின் காதிலிருந்த கம்மல் தெறித்து அடுப்படி வரை போய் விழுந்தது.

அன்றிலிருந்து மோனிஷா பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறாள். கூப்பிட்டால் வந்து நிற்கிறாள். வாய் மட்டும் திறப்பதில்லை.

"இன்னொரு தடவை என் கை அவ மேல போச்சுன்னா நான் மனுஷியே இல்ல மாஸ்டர். கோவம் வந்தா பேக் மேல போகட்டும். பெரியமேட்டுல ஆறு கடை ஏறி இறங்கிட்டேன். ஒருத்தன் தோலு வாங்குங்கறான், ஒருத்தன் ரெக்சினு போதுங்கறான். மணலு ரொப்பினா அடியில எறங்கி கல்லாயிடும், துணி ரொப்புங்கறான். இன்னொருத்தன் உங்க எடையில பாதி வாங்குங்கம்மாங்கறான். என் எடைய நான் எதுக்கு அவன்கிட்ட சொல்லணும்?"

ரோசலின் சிரித்தாள்.

"எதுல மாட்டப் போறீங்க?"

குணசுந்தரி நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"ஆறு கடையில ஒருத்தன்கூட இதைக் கேக்கல மாஸ்டர்."

"அவங்க பேக் விக்கிறவங்க. நீங்க வீட்டுக்குப் போய் மேல பாருங்க."

போனாள். மேலே பார்த்தாள்.

வீட்டுக் கூடத்தில் இரண்டு கொக்கிகள். ஒன்றில் ஃபேன். மற்றொன்று ஜன்னல் பக்கம், துருப்பிடித்து, வெறுமனே இருந்தது.

கொத்தனாரைக் கூட்டிவந்தாள். அவர் ஸ்டூலில் ஏறிச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"சும்மா தொங்கினா தாங்கும். ஆடினா சொல்ல முடியாதும்மா."

குணசுந்தரிக்கு அது போதும். கொக்கி பிய்ந்து, தளத்தில் ஓட்டை விழுந்து, மேல் வீட்டு டீச்சர் நாற்காலியோடு தன் கூடத்தில் வந்து இறங்குவது வரை நினைத்துவிட்டாள்.

மறுநாள் காலை மாஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

"ஆடினா தாங்குமான்னு தெரியல."

"ஆட்டிப் பாத்தாதான் தெரியும். ஞாயித்துக்கிழமை வரேன்."

ஞாயிறு காலை ரோசலின் வந்தாள். தோளில் எதுவும் ரொப்பாத ஒரு காலிப் பஞ்சிங் பேக் மடித்துக் கிடந்தது. அதைச் சுவரோரம் வைத்தாள்.

மூலையில் மோனிஷா புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். ரோசலின் அவளிடம் எதையும் விசாரிக்கவில்லை. புத்திமதியும் சொல்லவில்லை. ஸ்டூலில் ஏறிக் கொக்கியின் துருவைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"அக்கா, பழம்புடவை ஒண்ணு குடுங்க. கெட்டியா இருக்கணும்."

குணசுந்தரி டிரங்குப் பெட்டியைத் துழாவினாள். அடியிலிருந்து செங்கல் நிறப் பருத்திப் புடவை ஒன்று வந்தது. பதினாறு வருஷமாக அவள் உடுத்தாத புடவை. நடுவில் முடிச்சுப் போட்ட சுருக்கம் இன்னும் போகவில்லை.

ரோசலின் அதை இரட்டையாக மடித்துக் கொக்கியில் கட்டினாள். தன் பலம் முழுக்கக் கொடுத்து இழுத்தாள்.

"எடை வேணும்."

"அரிசி மூட்டை இருக்கு மாஸ்டர். இருபத்தஞ்சு கிலோ."

"பத்தாது." மூலைப் பக்கம் திரும்பினாள். "பாப்பா, உன் எடை எவ்ளோ?"

மோனிஷா அம்மாவைப் பார்த்தாள். பிறகு நான்கு விரலைக் காட்டினாள். அப்புறம் மூன்று விரல்.

"நாப்பத்து மூணு. உங்கம்மா ஆறு கடையில தேடினது வீட்டுலயே உக்காந்திருக்கு. ஏறும்மா."

மோனிஷா தயங்கித் தயங்கி வந்தாள். புடவைக்குள் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். கொக்கி ஒருமுறை முனகியது.

ரோசலின் விலகி நின்றாள்.

"ஆட்டுங்க அக்கா."

குணசுந்தரி வலது கையைத் தூக்கினாள்.

மோனிஷா கண்ணை இறுக மூடி, தோளுக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டாள்.

கை அந்தரத்தில் நின்றது.

குணசுந்தரி மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் கொக்கியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெடுநேரம் கழித்து அந்தக் கை இறங்கியது. விரல்கள் விரிந்து பிள்ளையின் முதுகில் பட்டன. மெல்லத் தள்ளின.

புடவை போனது. வந்தது.

மறுபடி தள்ளினாள். போனது. வந்தது.

நான்காம் ஆட்டத்தில் மோனிஷாவின் கழுத்து நிமிர்ந்தது. ஆறாவதில் கண் திறந்தது. ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுவதும் விலகுவதுமாக இருந்தது.

"அம்மா, இன்னும் கொஞ்சம் வேகமா ஆட்டு."

குணசுந்தரிக்குக் கொக்கி தெரியவில்லை. எதுவுமே சரியாகத் தெரியவில்லை. கை மட்டும் தள்ளிக்கொண்டிருந்தது.

ரோசலின் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். சுவரோரம் காலிப் பை அப்படியே கிடந்தது.

"மாஸ்டர், பேக் மாட்டலியா?"

ரோசலின் ஒருமுறை மேலே பார்த்தாள்.

"கொக்கி காலியா இல்லையே, அக்கா."